தம்பியின் இடது கண்

நம் வயதுக்காரர்கள் வீட்டு ஆல்பங்களில் கண் சிவந்த படம் ஒன்றாவது இருக்கும். ப்ளாஷ் போட்டு எடுத்தால் கல்யாணப் பந்தியில் சிரித்துக்கொண்டு நிற்கிறவர்கூடப் பிசாசு மாதிரித்தான் விழுவார். அதைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தீபாவளிப் படம் உண்டு. அதில் எனக்கு இரண்டு கண்ணும் சிவப்பு. என் மடியில் உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு வலது கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. பால் வெள்ளை இல்லை. கொஞ்சம் மஞ்சள் கலந்து, இருட்டில் பூனை திரும்பிப் பார்த்த மாதிரி.

அப்போது நாங்கள் காந்திபுரத்தை அடுத்த கணபதியில் இருந்தோம். முன்னால் அப்பாவின் லேத் பட்டறை, பின்னால் வீடு. மோட்டார் பம்புக்கு ஷாப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. பகல் முழுக்கச் சுவர் அதிர்ந்துகொண்டே இருக்கும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் அதில் வளையம் வளையமாக ஓடும். துவைத்துக் காயவைத்த என் பள்ளிக்கூடத் தாவணியில்கூடக் கட்டிங் ஆயில் வாசம் அடிக்கும். நான் ஒன்பதாவது படித்தேன். தம்பிக்கு ஒன்றரை வயது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவ்வளவு பெரிய இடைவெளி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடக்க அம்மா கூச்சப்பட்டதும், அவன் பிறந்த பிறகு அதே தெருவில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேவையில்லாமல் கடைக்குப் போய் வந்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், அப்பாவுக்கென்று ஒரு கேமரா கொண்டுவந்தார். கறுப்பு உறை, கனமான லென்ஸ், மேலே தனியாக மாட்டுகிற ப்ளாஷ். அப்பா கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். லென்ஸைக் கழற்றி, அதன் திருகு மரையில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"என்னமாக் கடைஞ்சிருக்கறான் பாருங்க மாப்ள!" என்றார். அதோடு பீரோ மேல் வைத்துவிட்டார். அவருக்கு அது நல்ல லேத் வேலை. படம் எடுக்கிற சாமான் இல்லை.

கீழே இறக்கியது அம்மாதான். கூட வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. சாயங்காலம் நான் படித்துச் சொல்ல, அம்மா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையமாகத் திருப்பிப் பார்ப்பாள். எனக்கும் பாதி புரியாது. புரிந்த பாதியை அவள் கையால் செய்து பார்த்துவிடுவாள். பின்மூடியைத் திறந்து, லென்ஸுக்குள் தகடுகள் சுருங்கி விரிவதை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள்.

"நம்ம கண்ணு மாதிரியே பண்ணுது பாரு கண்ணு."

கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம். அதில் ஆள் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு துண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற அந்த நொடியில் அம்மா மூச்சை இழுத்துப் பிடிப்பாள். அப்புறம் 'டக்'. இப்போது எத்தனையோ போன்கள் வந்துவிட்டன. அந்தச் சத்தத்தைப் பொய்யாகச் செய்கின்றன.

மாமா திரும்பிப் போவதற்குள் தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டுமென்று சென்னிமலை போனோம். போட்டோக்காரர் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். மலைமேல் வெயில் கொளுத்தியது. மாமா மடியில் தம்பி அலறினான். அம்மா வியர்த்து வழிய, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி எடுத்தாள். ரோலில் முப்பத்தாறு படம் என்று போட்டிருந்தது. அதைத் தாண்டியும் பிலிமை நகர்த்துகிற லீவர் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நல்ல ரோலு கண்ணு, தீரவே மாட்டீங்குது" என்று என்னிடம் பூரித்துப் போய்ச் சொன்னாள்.

அடிவாரத்தில் ஆளுக்கொரு பெட்ஷீட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மாமா மஸ்கட் போன பிறகு காந்திபுரத்தில் ரோலைக் கழுவக் கொடுத்தோம். தம்பியின் முதல் பிறந்தநாளுக்கு வீட்டுக்கு வந்து படம் எடுத்துக் கொடுத்த அதே ஸ்டுடியோக்காரர். நீளமான வெற்று பிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரில் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணுமே விழுகலீங் அம்மணி. ரோலு உள்ள மாட்டவே இல்லீங்க. லீவரு சும்மா சுத்தியிருக்குது."

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, பக்கத்துத் தெருவில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் வந்துவிட்டார்.

"ஏனம்மிணி, காதுகுத்து என்ன வருசா வருசமா வருது? தெரியாத வேலைல எதுக்குக் கைய வெச்ச?"

அம்மா, "தப்புத்தானுங் நங்கையா" என்றாள். நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக நகர்த்தினார். எங்கள் வீட்டில் அது போதும்.

அடுத்த ரோலை வெளிச்சத்தில் வைத்து, பிலிம் நுனி பல்சக்கரத்தில் மாட்டி இழுக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். இந்த முறை படம் விழுந்தது. ஆனால் ப்ளாஷ் போட்டு எடுத்ததெல்லாம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி கன்னங்கறுப்பு. புத்தகத்தைத் திரும்பப் படித்தபோதுதான், ப்ளாஷ் போட்டால் ஷட்டர் வேகத்தை அறுபதில் வைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாவது ரோல் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அம்மாவுக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது.

தீபாவளி சாயங்காலம் கரண்ட் மங்கலாக வந்தது. அந்நாளில் பண்டிகையென்றால் லோ வோல்டேஜ்தானே. ட்யூப்லைட் எரியாமல் துடித்தது. குண்டு பல்பு செம்பு நிறத்தில் தொங்கியது. புதுத் துணியோடு என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தம்பியை மடியில் கொடுத்தாள். ப்ளாஷ் 'ஙீ' என்று முனகித் தயாரானது. பளீர்.

படம் வந்தது. வாசலில் நின்று கவரைப் பிரித்த அம்மா அந்தப் படத்தில் நின்றுவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். தம்பியின் முகம் அவன் முகமாகவே இல்லை. யாரோ உள்ளேயிருந்து ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு இடது கண் வழியாக எங்களைப் பார்ப்பது போல இருந்தது.

அப்பா வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மொத ரோலு வெத்து. ரெண்டாவது பாதி கறுப்பு. இப்பக் கண்ணு வெள்ளை. அடுத்த ரோலுல மூக்கு காணாமப் போயிரும்."

அம்மா சிரிக்கவில்லை. "என்ற தப்புன்னா ரெண்டு கண்ணுலயும் வரோணுமல்லங்க? பெரிய புள்ளைக்கு ரெண்டும் செவப்பா இருக்குது. இவனுக்கு ஒண்ணு மட்டும் ஏனுங்க?"

"கேமராக் கோளாறு."

"கேமராவுக்கு இவனத் தெரியுமுங்களா?"

அப்பா பட்டறைக்குள் போய்விட்டார். அம்மா இன்னொரு ரோல் வாங்கி, சாயங்காலம் அதே நாற்காலியில் என்னை, எதிர்வீட்டுக் குழந்தையை, தம்பியை என்று மாற்றி மாற்றி உட்காரவைத்து எடுத்தாள். தம்பியை வலப்பக்கம் பார்க்கவைத்து, இடப்பக்கம் பார்க்கவைத்து, தூரத்தில், கிட்டத்தில். எல்லோரும் சரியாகவோ சிவப்பாகவோ விழுந்தோம். தம்பி சில படங்களில் சரியாக இருந்தான். சிலவற்றில் மறுபடியும் அதே கண், அதே வெள்ளை.

அவனுக்கு அந்தக் கண் லேசாக ஒதுங்கித்தான் பார்க்கும். அதிர்ஷ்டக் கண் என்று அத்தை கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பார். நடக்கும்போது இடது தோள் நிலைப்படியில் இடிக்கும். எல்லோரும் நிலைப்படியை அடித்து அவனைச் சமாதானப்படுத்துவோம். பெரியவர்கள் யாருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இன்று யோசித்தால் தலை சுற்றுகிறது. அன்பில்லாதவர்கள் ஒருவரும் அந்த வீட்டில் இல்லையே.

படங்களைப் பார்த்த அத்தைக்குத்தான் கோபம் வந்தது. "பச்சக் கொழந்த கண்ணுல அந்த வெளிச்சத்த அடிச்சு அடிச்சு வெளையாடறயே, உனக்குப் பித்துப் புடிச்சிருச்சா?"

அம்மா கேமராவை உறைக்குள் போட்டாள்.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் அப்பா அந்தத் தீபாவளிப் படத்தைப் பெரிதாகப் போட்டு பிரேம் செய்துகொண்டு வந்தார் என்று இப்போது நினைக்கிறேன். செய்தித்தாளைப் பிரித்தால், தம்பிக்கு இரண்டு கண்ணும் கறுகறுவென்று அழகாக இருந்தன. எனக்கும் அப்படியே.

"பாத்தியா? பெருசு போட்டதும் சரியாப் போச்சு. சின்னப் பிரிண்டுலதான் கோளாறு. இத்தோட உடு."

அம்மா பிரேமை வாங்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பின்னால் ஆணியை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றினாள். படம் பூராவும் பளபளத்தது. கண்களில் மட்டும் பளபளப்பு இல்லாமல் பொட்டுப் பொட்டாக மை உட்கார்ந்திருந்தது.

அவள் சேலைகூட மாற்றவில்லை. தம்பியை இடுப்பில் வைத்து, படத்தை என் கையில் கொடுத்து, என்னோடு காந்திபுரம் பஸ்ஸில் ஏறினாள். ஸ்டுடியோக்காரர் எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டார்.

"இந்தக் கண்ணுல மை வெச்சது நீங்களுங்களா?"

"ஆமாங் அம்மணி. டச்சப் பண்ணிக் குடுத்தனுங்க. தம்பிக்கு ஒரு கண்ணு வெள்ளையாத் தெரிஞ்சுது. சொவுத்துல மாட்டற படம், அப்படியே குடுத்தா நல்லா இருக்குமுங்களா?" அவர் பெருமையாகத்தான் சொன்னார். அப்புறம் தம்பியின் தாடையைத் தொட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவனுக்குப் பொறந்தநாளுக்கு நான் எடுத்தப்பவே அந்தக் கண்ணு அப்படித்தானுங்க இருந்துச்சு. அப்பவும் நாந்தான் சரி பண்ணிக் குடுத்தேன்."

அம்மா தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எந்தக் கேமராவுலங்க?"

"என்ற கேமராவுலதானுங்க."

"இதே கண்ணுங்களா?"

"இதே கண்ணுதானுங்க. ஏனுங் அம்மணி?"

முதல் பிறந்தநாள் படம் எங்கள் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தினமும் அதன் கீழேதான் சாப்பிட்டோம். மாதக்கணக்கில் அந்தக் கண் எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது, மேலே ஒரு சொட்டு மையோடு. அம்மா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் நாங்கள் தெருவில் இருந்தோம். வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. அவள் அதில் ஏறவில்லை. ஆட்டோவைக் கைகாட்டி, "கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். அப்பாவிடம் கேட்காமல் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஒரு பெண். தம்பியின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்கவைத்து, இருட்டறைக்குக் கூப்பிட்டார். நெற்றியில் கட்டிய விளக்கோடு குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. வலது கண்ணைப் பார்த்தார். திரும்ப இடது கண். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர்கள் அப்படிக் கையைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"உள்ள கட்டி இருக்குதும்மா. புத்துநோய். உடனே கண்ண எடுத்தரோணும். தாமதிச்சா உசுருக்கே ஆபத்து."

அந்த நோய்க்கும் குழந்தைக்கும் சம்பந்தம் உண்டென்றே எனக்கு அதுவரை தெரியாது. தம்பி என் சடையின் ரிப்பனை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தான்.

தகவல் போய் அப்பா பட்டறைத் துணியோடு ஓடிவந்தார். கையில் ஆயில் கறுப்பு. கூடவே அத்தை. அம்மா சொல்லி முடிப்பதற்குள் அத்தை வாயில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அன்னைக்கே சொன்னனே! வெளிச்சத்த அடிக்காத அடிக்காதன்னு சொன்னனே!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவ்வளவு பேர் நடமாடும் வராந்தாவில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீயே உம்பையன் கண்ணக் கெடுத்துப்போட்டயே."

ஸ்டுடியோக்காரர் சொன்னது அம்மா காதில் இன்னும் இருந்திருக்கும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவள் அப்பா சொன்னதை நம்பினாள். எனக்கு அது தெரிந்தது. தம்பியைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தாள். நான், "பொறந்தநாளுக்கே இருந்துச்சுங்ப்பா, அவரு மை வெச்சுட்டாரு" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்?

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"ப்ளாஷ் வெளிச்சத்துல இந்த நோய் வராதுங்க. உள்ள இருந்த கட்டி மேல வெளிச்சம் பட்டு வெள்ளையாத் தெரிஞ்சிருக்குது. இந்தம்மா அதப் பாத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இன்னுங் கொஞ்ச நாள் போயிருந்தா நீங்க கொழந்தையையே பறிகொடுத்திருப்பீங்க. தெரியுதுங்களா?"

அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. கையெழுத்துப் போடும்போது காகிதமெல்லாம் ஆயில் ரேகை.

கண்ணை எடுத்தார்கள். நோய் நரம்புக்குப் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள். மயக்கம் தெளிந்த தம்பி கண்ணில் போட்டிருந்த கட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, பன் கேட்டான். ஒற்றைக் கண்ணோடுதான் அவன் எப்போதோ வாழப் பழகியிருக்கிறான். எங்களுக்குத்தான் அது புதிது.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம் பட்டறைச் சத்தம் நின்றுபோயிருந்தது. சாப்பிடக் கூப்பிடப் போனேன். ஆட்களை அனுப்பிவிட்டு அப்பா மட்டும் லேத் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். மடியில் முதல் பிறந்தநாள் படம். தண்ணீரில் நனைத்த பஞ்சால் அந்த இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு கறுக்கக் கறுக்க மாற்றினார். மை கரைந்து, அடியிலிருந்து அந்த மஞ்சள் வெள்ளை மெல்ல மேலே வந்தது. முழுதாகத் தெரிந்ததும் அவர் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமே இல்லை. நான் பயந்து அம்மாவைக் கூப்பிட ஓடினேன். அம்மா வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்பா நிமிர்ந்து, "அம்மணி..." என்றார்.

"சாப்புட வாங்க, சோறு ஆறுது" என்றாள் அம்மா.

அவர்கள் இருவரும் அதைப் பற்றி அப்புறம் பேசி நான் கேட்டதில்லை. அத்தை மட்டும் சாகும் வரைக்கும் ப்ளாஷ்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா கேமராவை மறுபடி தொடவேயில்லை. லென்ஸில் பூஞ்சை படர்ந்து, ஒரு வீடு மாறும்போது அது எங்கேயோ போனது. பழைய பயம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ரொம்ப வருடம் கழித்துக் கேட்டபோது, "பயமெல்லாம் இல்ல சாமி. அதுல கண்ண வெச்சாலே, மறுபடி யாருகிட்ட என்ன தெரியப் போகுதோன்னு தேட ஆரம்பிச்சர்றேன்" என்றாள்.

தம்பி வளர்ந்தான். கண்ணாடிக் கண் வைத்தார்கள். வளர வளர மாற்றினார்கள். சிலருக்கு இன்றைக்கும் எந்தக் கண் என்று கண்டுபிடிக்கத் தெரியாது. அப்பாவுக்குப் பிறகு பட்டறையை அவன்தான் நடத்துகிறான். தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டான். போன வருடம் மகள் பிறந்தாள். அவனுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாம், பிறந்த உடனே பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

அதே ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் அதே மாதிரி ஒரு வராந்தா. துணிப்பொட்டலம் மாதிரி இருந்த குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். தம்பி பெண்டாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அம்மா நேராக நிமிர்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்தாள். தம்பி உட்காரவே இல்லை. கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, "ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்குங்க. ஒண்ணுமில்ல. ஆனாலும் அப்பப்பக் கூட்டிட்டு வந்து காட்டோணும்" என்றார்.

தம்பி அழுதுவிட்டான். கண் எடுத்த பிறகு அழ வந்தால் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்; அவன் அழுகிற முகத்தை அதற்கு முன் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. வலது கண்ணிலிருந்து வழிந்தது. இடது கண்ணிலிருந்தும் வழிந்தது. நான் திகைத்துப் போனேன். இத்தனை வருடம் கூடவே இருந்திருக்கிறேன். கண் இல்லாத இடத்திலும் கண்ணீர் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா எழுந்து அவன் பக்கத்தில் போனாள். முந்தானையை எடுத்து, முதலில் இடது பக்கத்தைத் துடைத்தாள்.